ஏடிஎச்டி உள்ள சின்னப் பிள்ளைக்கு மருந்து: ஆறு வயதுக்கு முன்னும் பின்னும்

நான்கரை வயதுப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கலாமா என்பதும் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்பதும் ஒரே கேள்விபோலத் தோன்றும். இரண்டும் வேறு வேறு. நம் வீடுகளில் இந்தப் பேச்சு எழும்போது வயதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. "மூளைக்கு மருந்தா? இந்தச் சின்னப் பிள்ளைக்கா?" என்று ஒரு தரப்பு கொதிக்கும். "டாக்டர் எழுதிக் கொடுத்தால் கொடுக்க வேண்டியதுதானே" என்று இன்னொரு தரப்பு முடித்துவிடும். என் மகனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனம் சிதறுவதும் அளவுமீறிய துறுதுறுப்புமான வளர்ச்சிக் குறைபாடு, இருப்பது பாலர் வகுப்பு 2இல் உறுதியானது. மருந்து தொடங்கியது தொடக்கநிலை 2இல். நான் மருத்துவர் அல்ல. இடைப்பட்ட காலத்தில் படித்ததையும் மருத்துவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்து, சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எப்போது பொருந்தும் என்று எடைபோட்டுப் பார்க்கிறேன்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, நான்கு வயது நிறைந்து ஆறு நிறையாத பிள்ளைக்கு முதல் சிகிச்சை பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சிதான். அதைச் செய்தும் போதிய மாற்றம் இல்லை, பிள்ளையின் சிரமமும் கணிசமாக இருக்கிறது என்றால்தான் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தைப் பற்றி யோசிக்கலாம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018இல் இன்னும் கறாராகச் சொன்னது: ஐந்து வயது நிறையாத பிள்ளைக்கு, சிறு குழந்தைகளின் ஏடிஎச்டியில் தேர்ந்த இரண்டாவது நிபுணரைக் கேட்காமல் மருந்து எழுதக் கூடாது. ஆறு வயதைத் தாண்டியதும் தொனி மாறிவிடுகிறது. அமெரிக்கர்கள் மருந்தையும் பயிற்சியையும் சேர்த்தே பரிந்துரைக்கிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள், ஐந்து வயதிலிருந்தே, வீட்டிலும் பள்ளியிலும் சூழலை மாற்றிப் பார்த்த பிறகும் சிரமம் நீடித்தால் மருந்து கொடுக்கலாம் என்கிறார்கள்.

இந்தக் கோட்டுக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் மூன்று முதல் ஐந்தரை வயது வரையிலான 303 பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. அதில் முதலில் பெற்றோருக்குப் பத்து வாரப் பயிற்சி. அதற்குப் பிறகும் தேவைப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் மருந்து. மருந்து வேலை செய்தது, ஆனால் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் தெரிகிற அளவுக்கு இல்லை. பக்கவிளைவு கூடுதலாக இருந்தது. எரிச்சல், காரணமில்லாத அழுகை, பசியின்மை, தூக்கமின்மை என்று வந்து, நூற்றுக்கு 11 பிள்ளைகள் அதனாலேயே நிறுத்தினார்கள். தொடர்ந்து எடுத்தவர்கள் எதிர்பார்த்ததைவிட ஆண்டுக்குச் சுமார் 1.4 செ.மீ. குறைவாக வளர்ந்தார்கள். சின்ன வயதில் பலன் குறைவு, தொந்தரவு அதிகம். ஆறு வயதுக்கு முன் அவசரப்படாதீர்கள் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

மருந்துக்கு முன்பு ஒரு சந்தேகம்

டிசம்பரில் பிறந்த பிள்ளை என்றால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். சிங்கப்பூரில் ஜனவரி 2ஆம் தேதியிலிருந்து மறு ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிவரை பிறந்தவர்கள் ஒரே ஆண்டில் தொடக்கநிலை 1இல் சேர்கிறார்கள். பள்ளி திறக்கும் நாளில் ஒரு பிள்ளைக்கு ஏழு வயது நிறையப்போகிறது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு ஆறு நிறைந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கின்றன. அந்த வயதில் ஓராண்டு என்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தைவானில் பள்ளிச் சேர்க்கைக்கான கெடு ஆகஸ்டு மாத இறுதி. அங்கே 2016இல் வெளியான ஆய்வில், ஆகஸ்டில் பிறந்த, அதாவது வகுப்பிலேயே இளையவர்களான பிள்ளைகளுக்கு, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட அதிகமாக ஏடிஎச்டி என்று முத்திரை குத்தப்பட்டிருந்தது. மருந்தும் அதிகமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. வேறு பல நாடுகளிலும் இதே கதைதான். வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிறான் என்று பாலர் பள்ளி ஆசிரியர் சொன்னால், முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள்.

காது சரியாகக் கேட்கிறதா, இரவில் குறட்டை விடுகிறதா, எத்தனை மணிக்குத் தூங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை பெருத்து மூச்சு முட்டித் தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் ஆடுகிற ஆட்டம் அப்படியே ஏடிஎச்டிபோலத்தான் இருக்கும். முறையாக ஆராய்ந்து முடிவு சொல்பவர்கள், அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதம் நீடிக்கின்றனவா, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிகின்றனவா என்று கேட்பார்கள். ஆசிரியர் நிரப்ப வேண்டிய படிவமும் இருக்கும். பத்து நிமிடம் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை நீட்டுகிறவரிடமிருந்து நன்றி சொல்லிவிட்டு எழுந்து வரலாம்.

பள்ளிக்கு முந்திய வயதுப் பிள்ளைகளைக் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் உள்ள குழந்தை வளர்ச்சிப் பிரிவுகள் பார்க்கின்றன. பள்ளி வயதுக்கு மனநலக் கழகத்தின் சிறார் வழிகாட்டி மருந்தகம் இருக்கிறது. பள்ளி ஆலோசகர் மூலமாகவும் போகலாம். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் அரசாங்க மானியம் உண்டு. காத்திருக்கும் காலம் நீண்டதுதான். அந்தக் காலத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

பொறுத்திருந்து பார்ப்பது

என் மாமியார் சொன்னது இது: "அவன் அப்பாவும் இப்படித்தான் இருந்தான். ஒரு இடத்தில் உட்கார மாட்டான். இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்?" அத்தை சொன்னதில் பாதி, மருத்துவர் சொன்னதற்குச் சாட்சி. ஏடிஎச்டி பெரும்பாலும் பரம்பரையாக வருவது; உயரம் குடும்பத்தில் ஓடுவதற்குச் சற்றுத்தான் பின்னால் நிற்கிறது. அப்பாவும் அப்படித்தான் என்பது பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்பதற்கு ஆதாரமாகாது.

வளர்ந்தால் சரியாகிவிடுமா? மேலே சொன்ன 303 பிள்ளைகள் ஆய்வில் பங்கேற்றவர்களை ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 89 பேருக்கு ஏடிஎச்டி அப்படியே இருந்தது. அவர்கள் கடுமையான அறிகுறிகளோடு சேர்க்கப்பட்டவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். லேசானவர்களின் கதை வேறாக இருக்கலாம். ஆனாலும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருப்பதற்கு இந்த எண் இடம் கொடுக்கவில்லை.

பொறுத்திருப்பதற்கு என்ன விலை என்பது பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2019 முதல் தொடக்கநிலை 1, 2இல் மதிப்பெண்ணுக்கான தேர்வுகள் கிடையாது. படிப்பைப் பொறுத்தவரை, பாலர் வகுப்பிலிருந்து தொடக்கநிலை 2 முடியும்வரை நமக்கு மூச்சுவிட நேரம் இருக்கிறது. தொடக்கநிலை 6இல் வரும் பிஎஸ்எல்இ தேர்வை நினைத்து ஐந்து வயதுப் பிள்ளைக்கு மருந்து தேடுவது வீண் பதற்றம். நட்பில்தான் அடி சீக்கிரம் விழுகிறது. வரிசையில் முந்தும் பிள்ளையை, பேச்சை முடிக்கவிடாத பிள்ளையை மற்றப் பிள்ளைகள் பிறந்தநாளுக்குக் கூப்பிடுவதில்லை. காலையிலிருந்து இரவுவரை தன் பெயரை அதட்டலாகவே கேட்கும் பிள்ளை, தான் கெட்ட பிள்ளை என்ற முடிவுக்கு ஏழு வயதுக்குள் வந்துவிடும். மதிப்பெண்ணைவிட இதை வைத்துத்தான் பொறுத்தது போதுமா என்று தீர்மானிக்க வேண்டும் என்பேன்.

பெற்றோர் பயிற்சி

பயிற்சி என்றதும் பலருக்கு, நாம் பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள் என்று யாரோ சொல்வதுபோல இருக்கிறது. என் கணவர் முதல் வகுப்புக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். மற்றப் பிள்ளைகள் சாதாரண வளர்ப்பிலேயே வளர்ந்துவிடுவார்கள். இந்தப் பிள்ளைகளுக்குத் தேர்ந்த கை தேவைப்படுகிறது. விஷயம் அவ்வளவுதான்.

உள்ளே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? காலை ஆறேகால் மணியை எடுத்துக்கொள்ளுங்கள். "பல் விலக்கிவிட்டுச் சீருடையைப் போட்டுக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு வந்து காலுறை போடு" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறோம். ஒரே மூச்சில் நான்கு கட்டளை. பிள்ளை பல் விலக்குகிறது. பிறகு குளியலறைச் சுவரில் பல்லி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறது. பயிற்சியில் சொல்வது: பக்கத்தில் போங்கள், தோளைத் தொடுங்கள், ஒன்றை மட்டும் சொல்லுங்கள், அது முடிந்த சில விநாடிக்குள் பாராட்டுங்கள், பிறகு அடுத்தது. "நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொல்லாமல், "சொன்னதும் சட்டை போட்டுக்கொண்டாயே" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். நான்கு வேலைக்கும் படம் வரைந்து கதவில் ஒட்ட வேண்டும். சின்னச் சின்ன முரண்டுகளைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். அடிப்பது, தள்ளுவது போன்றவற்றுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விளைவு இருக்க வேண்டும். நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், பிள்ளை சொல்கிற விளையாட்டை, திருத்தாமல், கற்பிக்காமல் கூட இருந்து விளையாட வேண்டும். நம்மவர்களுக்கு இந்தக் கடைசிதான் மிகவும் கடினம். கட்டையை அடுக்கும்போதுகூட "சிவப்பு எத்தனை இருக்கிறது, எண்ணு" என்று கேட்காமல் நம்மால் இருக்க முடிவதில்லை.

கேட்பதற்கு எளிது. இரண்டு பேரும் வேலைக்குப் போய், பிள்ளையைப் பாதி நாள் தாத்தா பாட்டியோ பணிப்பெண்ணோ பார்த்துக்கொள்ளும் வீட்டில், நான்கு பெரியவர்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் சிக்கல். நாம் ஐபேடை எடுத்து வைத்தால் தாத்தா கைப்பேசியைக் கொடுத்துவிடுவார். பயிற்சிக்குப் பாட்டியையும் அழைத்துக்கொண்டு போக முடிந்தால் போங்கள். மருத்துவமனைகள் நடத்துவது போக, அரசாங்க ஆதரவோடு நடக்கும் டிரிபிள் பி போன்ற பெற்றோர் திட்டங்களும் இங்கே உண்டு. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் இந்தியக் குடும்பங்களுக்குக் குடும்ப ஆலோசனை தருகிறது. வீட்டில் பெரியவர்களிடம் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமானால் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

இதன் பலனை உள்ளபடி சொல்ல வேண்டும். அடம், சண்டை, வீட்டுக் கூச்சல் ஆகியவை குறையும். பெற்றோருக்குப் பிள்ளைமேல் உள்ள எரிச்சலும் குறையும். ஆனால் கவனம் சிதறுவதை இது எவ்வளவு குறைக்கிறது என்பது விவாதத்துக்குரியது. பயிற்சியில் கலந்துகொண்ட பெற்றோர் முன்னேற்றம் இருக்கிறது என்பார்கள். யாருக்குப் பயிற்சி நடந்தது என்று தெரியாத வெளியாள் மதிப்பிட்டால் அந்த முன்னேற்றம் சுருங்கிவிடுகிறது. வீடு அமைதியானது, ஆனால் வகுப்பில் இன்னும் பாதிப் பக்கம்தான் எழுதுகிறான் என்ற நிலை பலருக்கு வரும். எங்களுக்கும் அதுதான் வந்தது.

பள்ளிப் பக்கத்திலும் செய்யக்கூடியவை இருக்கின்றன. தொடக்கப் பள்ளிகளில் சிறப்புக் கல்வித் தேவை அதிகாரிகள் இருக்கிறார்கள். தொடக்கநிலை 1இல் சேரும்போது சமூகப் பழக்கத்திலும் நடத்தையிலும் தடுமாறும் பிள்ளைகளுக்கு டிரான்சிட் என்ற ஆதரவுத் திட்டம் உண்டு. ஆசிரியருக்கு அருகே இடம், வேலையைத் துண்டு துண்டாகக் கொடுப்பது, நடுவில் எழுந்து நடக்கச் சின்ன வேலை என்று இவையெல்லாம் காசில்லாத சிகிச்சை. பிற்பாடு தேசியத் தேர்வுக்குக் கூடுதல் நேரம், தனி அறை போன்ற ஏற்பாடுகளுக்கும் விண்ணப்பிக்கலாம். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன்: மருந்து கொடுங்கள் என்று பரிந்துரைப்பது ஆசிரியரின் வேலை அல்ல. எங்களிடம் ஓர் ஆசிரியர், மற்ற பெற்றோர் காதில் விழும்படி அதைக் கேட்டார். பார்த்ததைச் சொல்லுங்கள், படிவத்தை நிரப்பிக் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பணிவாகவே பதில் சொன்னேன்.

மெத்தில்ஃபெனிடேட்

இது நேற்று வந்த மருந்து அல்ல. சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிட்சோன் என்ற வேதியியலாளர் 1944இல் உருவாக்கினார். 1954இல் ரிட்டாலின் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. ரீட்டா என்பது அவருடைய மனைவியின் செல்லப்பெயர். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் பிள்ளைகள் எடுத்துவரும் மருந்து என்பதால், இதனால் என்ன கெடுதல் வரும் என்பதும் நன்றாகவே தெரியும். வலைத்தளத்தில் புதிதாக விளம்பரமாகும் 'இயற்கை' மாத்திரைக்கு அந்தச் சரித்திரம் கிடையாது.

மூளையில் டோபமின், நோர்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் வேலை முடிவதற்குள் உறிஞ்சப்பட்டுவிடாமல் இது தடுக்கிறது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். பள்ளி வயதில் சுமார் பத்தில் ஏழு பிள்ளைகளுக்குப் பலன் தெரியும். உடம்பில் சேர்ந்து தேங்கும் மருந்து அல்ல. இன்று நிறுத்தினால் நாளை இருக்காது. 'மருந்து ஆரம்பித்துவிட்டால் அவ்வளவுதான், திரும்ப முடியாது' என்ற பயம் இங்கே அநேகமாகப் பொருந்தாது. இருக்கும் வழிகளிலேயே சுலபமாகப் பின்வாங்கக்கூடியது இதுதான். ஒரு மாதம் கொடுத்துப் பார்த்து, பலன் இல்லையென்றால் மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிடலாம். தொடக்கநிலை 1, 2 என இரண்டு ஆண்டுகள் பிள்ளை தினமும் திட்டு வாங்கியதை அப்படி அழிக்க முடியாது.

எந்த வகை என்பதைப் பள்ளி நேரத்தை வைத்துப் பாருங்கள். குறுகிய நேர ரிட்டாலின் மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். ஆறேமுக்காலுக்குக் கொடுத்தால் பத்தே முக்காலுக்குள் தீர்ந்துவிடும். பள்ளியோ ஒன்றரை வரை. நடுவில் பள்ளியில் இன்னொரு மாத்திரை எடுக்க வேண்டிவரும், அதை எல்லாப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். எட்டு மணி நேரம் வரை தாங்கும் ரிட்டாலின் எல்ஏ பள்ளிக்குச் சரியாகப் போதும். உறையைத் திறந்து உள்ளிருக்கும் மணிகளை மசித்த ஆப்பிள் போன்ற மென்மையான உணவில் தூவிக் கொடுக்கலாம் என்பதால் விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு வசதி. கான்செர்டா பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம். ஆறு வயதிலிருந்து கொடுக்கக்கூடியது, பொதுவாக 18 மில்லிகிராமில் தொடங்குவார்கள். மெல்லக் கூடாது, உடைக்கக் கூடாது. அதன் ஓடு கரையாமல் மலத்தில் வெளியே வரும். மருந்து வேலை செய்யவில்லை என்று பதறிப்போய் மருத்துவருக்கு அழைக்க வேண்டாம், மருந்து ஏற்கெனவே கசிந்து உடம்புக்குள் போய்விட்டது.

மாலை ஏழு மணிவரை மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பன்னிரண்டு மணி நேர மருந்து கவர்ச்சியாகத் தெரியும். நான் தயங்குவேன். துணைப்பாட வகுப்புக்காக மருந்தை நீட்டிப்பதைவிடத் துணைப்பாட வகுப்பை ஒன்று குறைத்துவிட்டு, பிள்ளையைப் புளோக்கின் கீழே சைக்கிள் ஓட்ட விடலாம்.

பசி போவதுதான் நாம் தினமும் கண்ணால் பார்க்கும் விளைவு. இடைவேளைக்குக் கொடுத்தனுப்பிய டப்பா அப்படியே திரும்பி வரும்; மூடியைத் திறந்தால் சப்பாத்திச் சுருள் காலையில் வைத்த மாதிரியே இருக்கும். தமிழ்த் தாய்க்கு இதைவிடப் பெரிய பக்கவிளைவு வேறு எதுவும் இல்லை. இதற்கு வழி, மருந்துக்கு முன்பே காலை உணவைக் கனமாகக் கொடுத்துவிடுவது: முட்டை தோசை, நெய் போட்ட பொங்கல், ஒரு கோப்பை மைலோ. மதியத்தைப் பெரிதாக எதிர்பார்க்காமல், மாலையில் மருந்தின் வேகம் தணிந்து பசி திரும்பும்போது சோறு தயாராக இருக்க வேண்டும். படுக்கைக்கு முன் இன்னொரு சிறு சாப்பாடு. சாப்பாட்டு மேசையில் சண்டை போடுவதால் பசி வராது. உயரமும் எடையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது அளந்து குறிக்கப்பட வேண்டும். பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தால் வளர்ந்த உயரத்தில் சில செ.மீ. குறையலாம் என்று நீண்டகால ஆய்வு காட்டுகிறது. இது சின்ன எண்தான், ஆனாலும் மறைக்க வேண்டியதில்லை.

தூக்கம் தள்ளிப்போகலாம். வயிற்றுவலி, தலைவலி வரலாம். பெரும்பாலும் சில வாரத்தில் குறையும். மருந்தின் வேகம் தணியும் நேரத்தில், பிற்பகலிலோ மாலையிலோ, சில பிள்ளைகள் கண்ணீரும் கோபமுமாக இருப்பார்கள். அந்த நேரத்தில் வீட்டுப்பாடத்தை எடுக்காதீர்கள். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று ஏறும். குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இதயம் நின்று இறந்தவர்கள் இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். "பொம்மை மாதிரி ஆகிவிடுவான்" என்ற பயத்துக்குப் பதில்: பிள்ளை சிரிப்பை மறந்து மந்தமாக உட்கார்ந்திருந்தால் அது பெரும்பாலும் அளவு கூடிவிட்டது என்பதற்கான அடையாளம். அளவைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பழக்கமாகிவிடுமா? இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் இந்தக் கேள்வி நியாயமானது. அதுவும் போதைப்பொருள் சட்டம் எப்படிப்பட்டது என்று எல்லாருக்கும் தெரிந்த ஊரில். சிறுவயதில் மருத்துவர் சொன்ன அளவில் எடுத்த பிள்ளைகள் பின்னாளில் போதைக்குப் போகும் வாய்ப்பு கூடியதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காணவில்லை. டிசம்பர் விடுமுறைக்குச் சென்னையோ திருச்சியோ போகிறவர்கள் மருத்துவர் கடிதத்தையும் மருந்தகத்தின் பெயர்ச்சீட்டு ஒட்டிய பெட்டியையும் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரைகளைப் பழைய டப்பாவில் கொட்டி எடுத்துப்போகாதீர்கள். அமெரிக்காவில் இருக்கும் தங்கை, ஆம்ஃபெட்டமின் வகை மருந்து தன் பிள்ளைக்கு நன்றாக வேலை செய்கிறது, கொண்டு வருகிறேன் என்றால், வேண்டவே வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே அது மருத்துவர்கள் எழுதுகிற மருந்து அல்ல, சட்டச் சிக்கலும் சின்னதாக இருக்காது.

இந்த மருந்தை மூக்குக் கண்ணாடிக்கு ஒப்பிட்டுச் சொல்வது மருத்துவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கு அது ஒட்டவில்லை. கண்ணாடி போட்டால் யாருக்கும் பசி போவதில்லை.

இன்னொரு மருந்தும் சில மாற்றுவழிகளும்

அட்டாமொக்ஸெட்டின், மெத்தில்ஃபெனிடேட் சேர்ந்திருக்கும் ஊக்கி (மூளையைத் தூண்டும்) வகையைச் சேராத மருந்து. நாள் முழுவதும் வேலை செய்யும். ஆனால் முழுப் பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், சராசரிப் பலனும் மெத்தில்ஃபெனிடேட்டைவிடக் குறைவு. குமட்டல், தூக்கக் கலக்கம் வரலாம். அரிதாகத் தற்கொலை எண்ணம் தோன்றலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு என்பதால் மனநிலையைக் கவனிக்க வேண்டும். முகத்துடிப்பு, கடும் பதற்றம் உள்ள பிள்ளைக்கோ, முதல் மருந்து ஒத்துவராத பிள்ளைக்கோ இது பொருத்தமாக இருக்கலாம். முதல் தேர்வு மெத்தில்ஃபெனிடேட்தான் என்று 133 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த கட்டுரை சொன்னது.

வல்லாரைக் கீரை? தேக்காவில் வாங்கித் துவையல் அரையுங்கள், ருசியாக இருக்கும். ஏடிஎச்டிக்குச் சிகிச்சை என்று நம்பி மற்றதைத் தள்ளிப்போட வேண்டாம். மீன் எண்ணெயின் பலன் மிகச் சிறியது. சர்க்கரையால் பிள்ளை துள்ளுகிறது என்பதை ஆய்வுகள் ஏற்கவில்லை. செயற்கைச் சாய நிறங்கள் சில பிள்ளைகளைச் சற்று உசுப்பிவிடலாம் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. அவற்றைக் குறைப்பதில் நட்டமில்லை. மூளை அலையை அளந்து கவனத்தைப் பழக்கும் கணினி விளையாட்டொன்றை இங்கேயே மனநலக் கழகமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து சோதித்திருக்கின்றன. பலன் இருந்தது, ஆனால் மிதமானது.

எதை எப்போது

மருந்தா பயிற்சியா என்று எதிரெதிரே நிறுத்திய புகழ்பெற்ற ஆய்வு 1999இல் அமெரிக்காவில் வெளியானது. ஏழிலிருந்து ஒன்பது வயதுவரையிலான 579 பிள்ளைகள், 14 மாதம். கவனச் சிதறலையும் துறுதுறுப்பையும் குறைப்பதில் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட, கவனமாக அளவு பார்த்து மருந்து கொடுக்கப்பட்டவர்கள் முன்னே இருந்தார்கள். இரண்டும் சேர்ந்து கிடைத்தவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. பெற்றோரோடு உள்ள உறவு போன்றவற்றிலும் அவர்கள் நிலை மேல். ஆனால் மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது குழுக்களுக்கு இடையே இருந்த வித்தியாசம் மறைந்துபோயிருந்தது. மருந்து இன்றைய நாளைச் சமாளிக்க உதவுகிறது. பத்து ஆண்டு கழித்துப் பிள்ளை எப்படி இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் தருவதில்லை. அளவைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வதில்தான் பலன் இருக்கிறது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. சீட்டை எழுதிக் கொடுத்து ஆறு மாதம் கழித்து வரச் சொல்வது அதில் சேராது.

என் வரிசை இப்படி இருக்கும். ஆறு நிறையாத பிள்ளைக்குப் பயிற்சி, தூக்கம், பாலர் பள்ளியோடு பேச்சு. சாலையில் ஓடிவிடுகிறான், தன்னையும் மற்றவர்களையும் காயப்படுத்துகிறான், பாலர் பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிவிடுகின்றன என்ற நிலையில் மட்டும், சிறு குழந்தைகளைப் பார்த்துப் பழகிய நிபுணரிடம் மருந்தைப் பற்றிக் கேட்பேன். ஆறைத் தாண்டிய பிள்ளைக்குப் பயிற்சியும் பள்ளி ஏற்பாடுகளும் ஒரு பள்ளித் தவணை முழுக்க உண்மையாக நடந்தும், நண்பர்கள் இல்லை, நான் முட்டாள் என்று சொல்லத் தொடங்கிவிட்டான் என்றால், நான்கு பேர் என்ன சொல்வார்கள் என்பதற்காகத் தள்ளிப்போட மாட்டேன். வீட்டில் சரி, பள்ளியில் சரி, ஆனால் எழுத்து மட்டும் கோழி கிளறியதுபோல இருக்கிறது என்பதற்கு மருந்து தேவையில்லை. கணவனும் மனைவியும் ஒத்துப்போகாவிட்டால், முடிவை ஒத்திவைத்து இருவரும் ஒரே சந்திப்புக்குப் போங்கள்; ஒருவர் கேட்டு வந்து மற்றவருக்கு ஒப்பித்தால் பாதி தொலைந்துபோகும்.

தொடங்குவதற்கு முன் எதை மாற்ற விரும்புகிறோம் என்று இரண்டு மூன்றைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்: காலையில் அழாமல் கிளம்புவது, வகுப்பில் ஒரு பக்கம் எழுதி முடிப்பது, இடைவேளையில் யாருடனாவது விளையாடுவது. முதல் மாதம் ஆசிரியரிடம் வாரத்துக்கு ஒரு வரி கேளுங்கள். அளவைச் சரிசெய்த பிறகும் அந்தக் காகிதத்தில் எதுவும் நகரவில்லை என்றால் நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம். நன்றாகப் போகிறது என்றாலும், ஆண்டுக்கு ஒரு முறை இன்னும் தேவையா என்று பார்க்க வேண்டும். ஆண்டிறுதி விடுமுறையில் மருத்துவர் ஒப்புதலோடு சில வாரம் இல்லாமல் இருந்து பார்ப்பது பலர் செய்வது.

யாரிடமெல்லாம் சொல்வது? பள்ளியிலும் பராமரிப்பு நிலையத்திலும் சொல்லிவிடுங்கள். பக்கவிளைவைப் பார்க்கக் கண்கள் வேண்டும். பிள்ளையிடம் அவன் வயதுக்கு ஏற்றபடி சொல்லுங்கள், வைட்டமின் மாத்திரை என்று ஏமாற்ற வேண்டாம். அவன் ஒழுங்காக ஒன்றைச் செய்து முடித்தால் பாராட்டு அவனுக்கு, மாத்திரைக்கு அல்ல. உறவினர் வாட்ஸ்அப் குழுவுக்கு இது தேவையில்லாத செய்தி. பெரியவனானதும் சொல்ல விரும்பினால் அவனே சொல்லிக்கொள்ளட்டும். தீபாவளிக்கு வந்த சித்தப்பா, "ஏன் பையன் முறுக்கைத் தொடவே இல்லை?" என்று கேட்டால், காலையில் நிறையச் சாப்பிட்டுவிட்டான் என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.